விளக்குத்தூணும் ஆசைக் குப்பிகளும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று கம்பெனிச் சட்டை கொடுத்தார்கள். ஆண்கள் அளவு. தோள் முழங்கைவரை தொங்குகிறது. பெண்கள் அளவு இல்லையா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஸ்டோர்காரர் நிமிர்ந்து பார்த்ததும் "தேங்க்ஸ் சார்" என்று வந்துவிட்டது. எதற்கு நன்றி சொன்னேன்? வீடு வந்து சேரும்வரை அதே எரிச்சல்.

அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அப்பா சட்டைப்பையில் அச்சிட்ட கம்பெனிப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். மார்க்கெட்டில் தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களிடம் எல்லாம் "பொண்ணு டூரிஸ்ட் ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் பஸ்ஸில் தலை எண்ணுகிற பயிற்சி ஆள். எங்கள் குடும்பத்திலேயே முதலில் காலேஜ் முடித்தவள் தலை எண்ணுகிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் முதல் ஞாயிறு எனக்கு டெஸ்ட். மேடம் கூடவே வருவார். (முதலாளியைத்தான் எல்லோரும் மேடம் என்கிறோம்.) நான் மைக்கில் பேச வேண்டும். தேறினால் எனக்கென்று ஒரு பஸ். தேறாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

பிப்ரவரி 14, சனி

முதல் பயணம். ஏரிகளும் கோயில்களும் கடலோரத் தெருக்களும் உள்ள மாவட்டம். புத்தகத்தில் படித்துப் படித்துப் பழகிய இடம், நேரில் இன்றுதான் பார்க்கிறேன்.

கோயிலின் வெளிமதிலில் உப்புப் பூத்திருக்கிறது. கடல் அரை நாள் நடைக்கும் அப்பால், ஆனால் கல்லைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும் போல. குளத்துப் படியில் பாசி. மண்டபத் தூண் ஒன்றின் அடியில் சின்னதாக ஒரு கப்பல் செதுக்கியிருக்கிறார்கள், பாய்மரக் கயிறுகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. நான் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து மைக் அண்ணன் குரல்: "கப்பல் பாத்தாச்சா? போட்டோ ஆச்சா? அடுத்து டாய்லெட். அப்புறம் கேக்காதீங்க, அடுத்த டாய்லெட் ஏரிக்கு அந்தப் பக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மைக் அண்ணன் கம்பெனியின் மூத்த வழிகாட்டி. குளிக்கும்போதுகூட மைக்கை விடமாட்டார் என்று டிரைவர் சொல்கிறார். ஒரு பஸ் நிறைய ஆட்களை எப்படிக் கையில் வைத்துக்கொள்கிறார்! தூங்குகிறவர்களை எழுப்புகிறார், சண்டை போடும் தம்பதியைச் சேர்த்து வைக்கிறார், வாந்தி எடுத்தவருக்கு ஜன்னல் சீட் வாங்கிக் கொடுக்கிறார். எனக்கு இதெல்லாம் எந்த ஜன்மத்தில் வரும்?

மாலையில் பழைய துறைமுகத் தெரு. பண்டகசாலைகளின் கதவுகள் வண்டியோடு மாடும் நுழைகிற அகலம். மேல்மாடியில் மூட்டை தூக்கும் இரும்புக் கப்பி இன்னும் தொங்குகிறது. அப்பாவை அழைத்து வந்து காட்ட வேண்டும். அவருக்குத்தான் அதன் அருமை புரியும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

படகுப் பயணம். ஏரி ஓரிடத்தில் குறுகித் திரும்பும். அங்கே தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கல்தூண் எழுந்து நிற்கிறது. தூரத்திலேயே படகுக்காரர் ஹாரனை நீளமாக அடித்தார். பயணிகள் கைதட்டினார்கள். தூண் நெருங்கியதும் மோட்டாரை நிறுத்தினார். மைக் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கடலோடி ஒருவன். மனைவிக்கு ஒவ்வொரு பயணத்திலும் ஒரு குப்பி அத்தர் கொண்டு வருவான். ஒருமுறை திரும்பவே இல்லை. அவள் தினமும் இந்தத் தூணடிக்குப் படகில் வந்து நிற்பாள். கடைசியில் ஒரு நாள், மிச்சமிருந்த அத்தர்க் குப்பியைக் கோபத்தில் தூணின் மேல் வீசி எறிந்தாள். குப்பி உடைந்தது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே அவன் கப்பல் வந்து சேர்ந்தது. அதனால் இங்கே குப்பி எறிந்து உடைத்தால் நினைத்தது நடக்கும்.

டிக்கெட்டோடு ஆளுக்கொரு ஆசைக் குப்பி. கட்டைவிரல் அளவு கண்ணாடி, உள்ளே வண்ணத் தண்ணீர். கூடையில் வைத்து நான்தான் கொடுத்தேன். டப் டப்பென்று உடைகிற சத்தம். ஒரு பெண் அழுதேவிட்டாள்.

நானே கொஞ்சம் நம்பிவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கதை எந்த நூலில் இருக்கிறது என்று மைக் அண்ணனைக் கேட்டேன். டெஸ்டில் மேடம் கேட்டால் சொல்ல வேண்டாமா?

"நூலா? ஒரு நாள் மழைல மோட்டார் நின்னு போச்சும்மா. ஜனங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க, காசைத் திருப்பிக் குடுன்னு ஒருத்தன் எழுந்துட்டான். எதுக்க தூண் நிக்குது. வாயில வந்ததைச் சொன்னேன். ஒரு பொம்பளை கையில வச்சிருந்த சென்ட் பாட்டிலைத் தூக்கி எறிஞ்சிட்டா. அடுத்த வாரமே மேடம் குப்பி ஆர்டர் பண்ணிட்டாங்க."

"அப்ப தூண் உண்மையில எதுக்கு சார்?"

"படகுக்கு வெளக்கு வைக்கறதுக்கா இருக்கும். யாரு கண்டா."

சிரித்து மாளவில்லை. ஒரு மோட்டார் கோளாறுக்கு ஊர் ஊராக வந்து கும்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 21, சனி

இரண்டாவது பயணம். தலைகள் சரியாக இருக்கின்றன. என் தலைதான் வலிக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

தூணைத் தாண்டியதும் மோட்டாரில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. படகைக் கரையில் கட்டினார்கள். எனக்கு அவசரம், பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வாசலில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் கை காட்டினாள். திரும்பி வந்தபோது என் சட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"குப்பிக் கம்பெனியா நீ?"

ஆமாம் என்றேன்.

"பாத்துக்க." காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

குதிகாலில் வாய் திறந்த மாதிரி ஒரு வெட்டு. பக்கத்திலேயே பழைய தழும்புகள். சேற்றுக்குள் இருக்கும் மட்டிச் சிப்பி எடுக்கிறவள் அவள். தூணைச் சுற்றித்தான் ஆழம் குறைவு, அங்கேதான் மட்டி கிடைக்கும், அந்தக் கரையில் இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் அதுதான் பிழைப்பு.

"கையால தேட முடியாது. சேத்துக்குள்ள காலால தடவிக்கிட்டே போவோம். கட்டைவிரல் பட்டா மட்டின்னு தெரியும். இப்ப கட்டைவிரல் பட்டா ரத்தம் வருது."

செருப்பு போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டேன். படித்த முட்டாள் நான்.

"செருப்பு போட்டா காலுக்கு என்ன தெரியும்? கையுறை மாட்டிக்கிட்டு நீ ஊசில நூல் கோத்துக் காட்டு, நான் செருப்பு போட்டுக்கறேன்."

ஹாரன் மரியாதைக்காக இல்லையாம். தண்ணீருக்குள் நிற்கிற இவர்கள் ஒதுங்குவதற்காம். ஹாரன் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு நாணல் பக்கம் போய் நின்றுவிடுவார்கள். குப்பிகள் உடைந்து முடிந்தபின் திரும்பி வந்து, அந்தக் கண்ணாடி மேலேயே கால் வைப்பார்கள். நாங்கள் கைதட்டுவோம்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"சொல்லாம? படகுக்காரன்கிட்ட சொன்னோம். கம்பெனில சொல்லுன்னான். மைக்ல பேசுவாரே உங்க ஆளு, அவர்கிட்ட சொன்னோம். மேல சொல்றேன்னாரு. மேலன்னா எங்க, ஆகாசத்துலயா? நீ எத்தனை குப்பி குடுத்த இன்னைக்கு?"

படகு நிறைய ஆட்கள். ஆளுக்கு ஒன்று. என் கையால்.

அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் குரலைத் தாழ்த்தி, அந்த இடத்தில் நிறுத்தி, அந்த அழுகை வருகிற மாதிரி— என்ன மனுஷன் இவர்? ச்சே. நேற்றுவரை இவரை மாதிரிப் பேச வரவேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகினேனே.

பிப்ரவரி 23, திங்கள்

மேடத்திடம் போய்ச் சொன்னேன். நானாகவே. கதவைத் தட்டுவதற்கு முன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன்.

கேட்டுக்கொண்டே டப்பாவிலிருந்து திராட்சை எடுத்துச் சாப்பிட்டார்.

"ஏரி அவங்க பேர்ல இருக்கா?"

"இல்ல மேடம். நம்ம பேர்லயும் இல்ல." இது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வந்தது முதல் இரண்டு வார்த்தைதான்.

"உடையாத மாதிரி பிளாஸ்டிக்ல குடுக்கலாமே மேடம்."

"உடையலன்னா ஆசை எப்படிம்மா பலிக்கும்?" நிஜமாகவே அதை ஒரு நியாயமாகச் சொன்னார். "நீ நல்ல பொண்ணு. படிச்ச பொண்ணு. வர்ற ஞாயிறு டெஸ்ட். அதைப் பாரு. தெருவுல போற வம்பை எல்லாம் தலைமேல போட்டுக்காத."

தெருவுல போற வம்பாம். தெருவா அது? தண்ணி. அதுல அவங்க இடுப்பளவு நிக்கிறாங்க. நீங்க ஒரு நாள் எறங்கிப் பாருங்க. அந்தத் திராட்சை டப்பாவோட எறங்குங்க. இப்ப நல்லா வருது பேச்சு. அங்க நின்னப்ப ஊமைக்கோட்டான் மாதிரி தலையாட்டிட்டு வந்தேன். கதவைக்கூட மெதுவா சாத்திட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். அப்பா சொன்னார்: "பஸ் உனக்குக் கிடைச்சப்புறம் சொல்லேன். உன் பஸ்ல குப்பி வேண்டாம்னு."

"அதுவரைக்கும் அவங்க கால்?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார். அப்பாவிடம் கோபப்பட முடியவில்லை. அவர் தோளில் எத்தனை பேருடைய சரக்கு ஏறியிருக்கிறது, யாரிடம் போய் என்ன சொல்லியிருக்கிறார்?

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "இவ எங்க பேசப் போறா? கடைக்காரன் மிச்சம் தரலன்னாகூட அவன் மூஞ்சியப் பாத்துட்டு வந்துருவா."

உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 28, சனி

நாளை டெஸ்ட். மாலையில் பயணிகள் துறைமுகத் தெருவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது படகுத்துறைக்கு ஓடினேன். மைக்கில் என்னால் எதிர்த்துப் பேச முடியாது, எனக்கே தெரியும். வேறு ஒன்று தோன்றியிருந்தது. படகுக்காரரிடம் கேட்டேன்.

"நாளைக்கு ஹாரன் அடிக்காம இருக்க முடியுமாண்ணா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடிக்காட்டி அவங்க ஒதுங்க மாட்டாங்களே."

"அதுக்குத்தான்."

கொஞ்ச நேரம் கயிற்றைச் சுருட்டினார். "வயரு ரொம்ப நாளா லொடலொடன்னுதான் இருக்கு" என்றார்.

அவரே என்னைச் சின்னப் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். நாளை ஹாரன் கேட்காது, ஒதுங்காமல் நில்லுங்கள் என்றேன். மட்டிக்கார அக்கா கேட்ட முதல் கேள்வி: "எவனாவது எறிஞ்சிட்டான்னா?"

"குப்பிக்கூடை என்கிட்டதான் இருக்கும். நான் தரமாட்டேன்."

"நீ?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "சரி பாப்போம்" என்றாள்.

மார்ச் 1, ஞாயிறு

முடிந்தது.

காலையில் ஏரி தகடு மாதிரி இருந்தது. மேடம் முன் இருக்கையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. மைக் அண்ணன் கடைசியில். கூடை என் இரண்டு காலுக்கும் நடுவில், மேலே துண்டு போட்டு மூடி. மைக் வியர்வையில் வழுக்கியது.

திருப்பம் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. மேடம் திரும்பினார். "என்னாச்சு ஹாரனுக்கு?"

"வயர் போச்சு மேடம்."

தூணைச் சுற்றிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீர், பக்கத்தில் மிதக்கிற கூடைகள். ஒருவரும் நகரவில்லை. மட்டிக்கார அக்கா எல்லோருக்கும் முன்னால், காயத்தோடு, இறங்கி நின்றாள்.

நான் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கடலோடி, அத்தர், காத்திருந்தவள். எறிந்தாள் என்கிற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. மோட்டார் வேறு நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். செத்தேன் என்று நினைத்தேன்.

என் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வயதான பயணி என் கையைத் தொட்டுக் கேட்டார்: "யாரு கண்ணு இவங்கள்லாம்? தண்ணிக்குள்ள என்ன பண்றாங்க?"

நான் அவருக்குத்தான் பதில் சொன்னேன். அவர் ஒருவருக்குத்தான். மட்டி எடுக்கிறவர்கள், காலால் தடவித் தேடுவார்கள், நாம் உடைக்கிற குப்பியெல்லாம் அந்தச் சேற்றில்தான் கிடக்கிறது, முன்னால் நிற்கிறவருக்குக் குதிகால் கிழிந்திருக்கிறது, வழக்கமாக ஹாரன் அடித்து இவர்களை ஒதுக்கிவிடுவோம் என்று. மைக் என் கையிலேயே இருந்தது. படகு முழுக்கக் கேட்டிருக்கிறது.

தண்ணீரிலிருந்து மட்டிக்கார அக்கா குரல் கொடுத்தாள். "என்னம்மா, ஏன் நிறுத்திட்டீங்க? எறியுங்க. நாங்க இங்கதான் நிக்கிறோம்."

நடுவில் ஒருவர் எழுந்தார். "டிக்கெட்ல குப்பி உண்டுன்னு போட்டிருக்கே."

அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஆளு மேல எறியப் போறீங்களா? ஆசை ஒண்ணுதான் குறைச்சல் உங்களுக்கு. உக்காருங்க."

யாரோ சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் ஓரத்துக்கு வந்து, காலால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள். "எறங்கி வா, காட்டறேன். கண்ணாடி இல்லாத பக்கமாப் பாத்து எறங்கு" என்றாள் அக்கா. நான் துண்டை எடுக்கவே இல்லை.

பஸ்ஸில் மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 2, திங்கள்

பஸ் கிடையாது. "உனக்கு இந்த வேலை ஒத்து வராது. போன் எடு" என்றார்கள். புக்கிங் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டு அனுப்பாதது பெருந்தன்மையாம், அதையும் மேடமே சொன்னார்.

பொய்யை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் வழிகாட்டி. வாய் தவறி உண்மை வந்துவிட்டதால் போன்.

மைக் அண்ணன் கவுண்டர் பக்கம் வந்து நின்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. என் கதைய, என் முன்னாடியே."

"அவங்க உங்ககிட்ட சொன்னாங்களே சார்." எனக்கே ஆச்சரியம், சத்தமாக வந்தது.

அவர் கவுண்டர் விளிம்பை நகத்தால் சுரண்டினார். "சொன்னாங்க. நானும் மேல சொன்னேன். சிரிச்சாங்க. அப்பதான் ஹாரன் வைக்கச் சொன்னேன். தலையில படாம இருக்கட்டும்னு." பிறகு, "அது போதும்னு நினைச்சுட்டேன்" என்றார்.

பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது, என்ன செய்ய?

அப்பாவிடம் சொன்னபோது, "உக்காந்து பாக்கற வேலைதானே, நல்லதுதான்" என்றார். மார்க்கெட்டில் இனி என்ன சொல்வாரோ.

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் குப்பி போயிருக்கிறது. ஹாரனைப் பழுது பார்த்துவிட்டார்கள். கூடையில் எடுத்து வைத்தது நான் இல்லை, அதில் எனக்கென்ன ஆறுதல்?

மார்ச் 16, திங்கள்

காலையில் கவுண்டரில் கூட்டம். விடுமுறைக்குப் பதிவு செய்ய வந்தவர்கள், பிள்ளைகள், சத்தம். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு அவர்கள் வந்தார்கள். மட்டிக்கார அக்காவும் இன்னும் சிலரும். சரக்கு ஆட்டோ பிடித்து ஊரைத் தாண்டி வந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு சாக்கு.

நடுக்கூடத்தில் பளபளக்கிற தரையில் சாக்குகளைக் கவிழ்த்தார்கள்.

கண்ணாடி. சேறு அப்பிய கண்ணாடி. கழுத்து, அடி, சில்லு. சிலதில் இன்னும் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தது. மட்டி அரிக்கிற கூடையால் வாரக்கணக்கில் அரித்து எடுத்திருக்கிறார்கள்.

"உங்க கஸ்டமருங்க விட்டுட்டுப் போன சாமான்" என்றாள் அக்கா. "இன்னும் கெடக்கு. மொத்தத்தையும் ஒரே தடவையா தூக்க முடியல."

ஒரு அப்பா தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இதுவா ஆசைக் குப்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன்.

மேடம் அறையிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், செல்போனில் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தார். என்னிடம் குனிந்து, "இவங்களை வெளிய அனுப்பு" என்றார்.

நான் எழுந்து போய் நாற்காலிகளைக் கொண்டு வந்து போட்டேன். அக்கா குதிகாலை ஊன்றாமல் உட்கார்ந்தாள்.

"யாரு உக்காரச் சொன்னது?"

"நான்தான் மேடம்."

முழுதாக வந்தது. எதுவும் வாய்க்குள் நிற்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அந்தக் கண்ணாடியைக் கூட்டி அள்ளியதில் துப்புரவு அக்காவின் விரல் கிழிந்தது. மேடம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

இன்னும் போன்தான். பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பேன், இந்த மாதம் முடியட்டும்.

காலையில் ஒருவர் அழைத்தார். குடும்பத்தோடு வருகிறாராம். "அந்தக் குப்பி உடைக்கறது இருக்குல்ல?"

"இல்லைங்க. போன மாசமே நிறுத்தியாச்சு."

"அடடா. அப்ப ஏரில என்னதாங்க இருக்கு?"

கோயிலில் கப்பல் செதுக்கிய தூண் இருக்கிறது என்றேன், குனிந்து பார்க்க வேண்டும், யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள். துறைமுகத் தெருவில் கப்பி தொங்குகிறது. ஏரிக்குள் ஒரு கல்தூண், படகுகளுக்கு விளக்கு வைக்கக் கட்டியதாக இருக்கலாம், சரியாக யாருக்கும் தெரியாது.

"தூண்கிட்ட படகு நிறுத்துவாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க. அங்க மட்டி எடுக்கறவங்க வேலை பார்த்துக்கிட்டிருப்பாங்க. நம்ம படகு அவங்களைச் சுத்திப் போகும்."

"சுத்திப் போனா நேரம் ஆகுமே."

"ஆகும்" என்றேன். "எத்தனை சீட்டுங்க?"